பின்சீட்டில் வலிக்கிறது: ஒரு டேண்டம் சைக்கிளை இருவருக்கும் பொருத்திய நிகழ்வு

பின்னணி

ஒரு தம்பதி, இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். கணவர் 178 செ.மீ. உயரம், 80 கிலோ. மனைவி 154 செ.மீ., 54 கிலோ. இருவருக்கும் சைக்கிள் நன்றாகவே ஓட்டத் தெரியும். ஆனால் தனித்தனி சைக்கிளில் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் அவர் எங்கோ முன்னால் போய் ஒற்றைக் காலை ஊன்றிக் காத்திருப்பார், இவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வார். இந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டத்தான் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய எஃகு ஃபிரேம் டேண்டம் (இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்) ஒன்றை வாங்கினார்கள்.

டேண்டத்தில் முன்னால் உட்காருபவரைக் கேப்டன் என்பார்கள். ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் அவர் கையில். பின்னால் இருப்பவர் ஸ்டோக்கர், அதாவது உலைக்குக் கரி அள்ளிப் போடுபவர். பின்சீட்டுக்காரருக்கு என்ன மரியாதை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இரண்டு ஜோடி பெடல்களையும் இடப்பக்கம் ஓடும் டைமிங் செயின் இணைக்கிறது. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றியாக வேண்டும், ஒருவர் நின்றால் இருவரும் நிற்க வேண்டும்.

என்னிடம் வந்தபோது அந்த சைக்கிளோடு ஏழு மாதம் பழகியிருந்தார்கள். 25 கி.மீ. தாண்டினால் மனைவிக்கு உட்கார முடியாத வலி. மூன்று சீட்டு மாற்றியாகிவிட்டது. கடைசியாக வாங்கியது தலையணை மாதிரி ஜெல் நிரப்பியது, அதில்தான் வலி மிக அதிகம். "இன்னும் நல்ல சீட்டு ஏதாவது இருக்கா?" என்பதுதான் கணவர் கேட்ட கேள்வி. அதுவரை முன்பக்கத்தில் செய்திருந்த மாற்றங்கள் வேறு: புது ஹேண்டில்பார், புது கைப்பிடி டேப், இலேசான பெடல். ஏழு மாதத்தில் பின்பக்கத்துக்குக் கிடைத்தது அந்த மூன்று சீட்டு மட்டும்தான்.

முதல் நாள் பார்த்தது

பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி இருவரையும் மிதிக்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். மனைவியின் இடுப்பு வார் இடமும் வலமுமாகத் தராசுத் தட்டு போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய சீட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதன் இரு ஓரங்களிலும் தோல் தேய்ந்து பளபளத்தது, நடுவில் தேய்மானமே இல்லை. உட்காருகிற இடம் தேயாமல் ஓரம் தேய்ந்தால், ஆள் அதில் உட்காரவில்லை, உரசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து சாலையில் பின்தொடர்ந்து போனேன். மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. பள்ளம் வரும்போது கணவர் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்கிறார். மனைவிக்குப் பள்ளம் தெரிவதில்லை, எதிரே கணவரின் முதுகுதான். பின்சக்கரம் ஏறக்குறைய மனைவிக்கு நேர் கீழே இருப்பதால் ஒவ்வொரு அடியும் முழுதாக அவருக்கே போகிறது. இரண்டாவது, 22 நிமிடம் ஒரு தடவைகூட மிதிப்பது நிற்கவில்லை. தனி சைக்கிளில் நாம் அறியாமலே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மிதிப்பதை நிறுத்துவோம், இடுப்பைச் சற்று நகர்த்துவோம், இரத்த ஓட்டம் திரும்பும். பின்சீட்டுக்காரருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. மூன்றாவது, கணவருக்குக் கனமான கியரில் நிமிடத்துக்கு 66 சுற்று மிதிப்பது வழக்கம். தனி சைக்கிளில் மனைவி 85 சுற்று மிதிப்பவர்.

வலி இருக்கிறது என்று ஏன் உடனே சொல்வதில்லை என்று மனைவியிடம் கேட்டேன். "அவர் நல்லா வேகமா போயிட்டிருப்பார். நடுவுல நிறுத்தச் சொல்ல மனசு வராது." கணவர் திரும்பிப் பார்த்தார். "நீ பேசாம வந்தா நல்லா இருக்கேன்னுதானே நான் நினைப்பேன்?" என்றார்.

எந்தப் பாகத்தையும் மாற்றாத இரண்டு வாரம்

பாகம் வாங்க வேண்டாம், முதலில் பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்றேன். கணவருக்கு அதில் திருப்தியில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கையில் ஒரு பட்டியலோடு வந்திருந்தவர் அவர்.

நான்கு சொற்களை முடிவு செய்தோம். "பள்ளம்" என்றால் மனைவி பெடலில் எடை கொடுத்து சீட்டிலிருந்து எழ வேண்டும். "விடு" என்றால் இருவரும் மிதிப்பதை நிறுத்த வேண்டும். "கியர்" என்றால் அரை நொடி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். "எழு" என்றால் இருவரும் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். எல்லாம் ஒற்றைச் சொல். நீங்க, வாங்க சேர்த்துச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பள்ளம் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் "விடு" சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. யாரும் சொல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் விட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து 25 கி.மீ. என்ற எல்லை 38 ஆகியிருந்தது. சீட்டு அதே பழைய சீட்டுதான். ஜெல் சீட்டைக் கழற்றி, முதலில் இருந்த கெட்டியான சீட்டைத் திரும்ப மாட்டச் சொல்லியிருந்தேன். மெத்து மெத்தென்ற சீட்டில் உட்காரும் எலும்பு கீழே அமுங்கிவிடும், நடுவில் இருக்கும் மென்பகுதி மேலே வந்து அழுத்தம் வாங்கும். நேரம் ஆக ஆக வலி கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளவெடுத்ததில் கிடைத்த துப்பு

இடுப்பு ஆட்டம் மட்டும் குறையவில்லை. கால் உள்பக்க நீளத்தை, தரையிலிருந்து கவட்டு வரை, அளந்தேன். கணவருக்கு 83 செ.மீ., மனைவிக்கு 71.

சீட்டு உயரத்துக்கு இரண்டு பழைய கணக்குகள் உண்டு. ஒன்று, கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) அச்சின் மையத்திலிருந்து சீட்டு மேல்பரப்பு வரை வரும் உயரம். இன்னொன்று, கால் நீளத்தில் 109 சதவீதம், கீழே இருக்கும் பெடலிலிருந்து சீட்டு வரை. கணவருக்கு முதல் கணக்கில் 73.3 செ.மீ., இரண்டாவதில் 175 மி.மீ. கிராங்க் நீளத்தைக் கழித்தால் 73. இரண்டும் ஒத்துப்போகின்றன. மனைவிக்கு முதலாவது 62.7, இரண்டாவது 59.9. கிட்டத்தட்ட 3 செ.மீ. வித்தியாசம். முதல் கணக்கில் கிராங்க் நீளம் வருவதில்லை, இரண்டாவதில் வருகிறது. கிராங்க் அவர் காலுக்குப் பொருந்தவில்லை என்பது இங்கேதான் பிடிபட்டது.

பின்கிராங்கும் 175 மி.மீ.தான். முன்னும் பின்னும் ஒரே அளவு போட்டு விற்ற வண்டி அது. 175 என்றால் பெடல் மேலிருந்து கீழே 350 மி.மீ. பயணம் செய்கிறது. கணவரின் கால் நீளத்தில் அது 42 சதவீதம், மனைவிக்கு 49. ஒவ்வொரு சுற்றிலும் தன் காலில் பாதி உயரத்துக்குப் படி ஏறுகிற மாதிரி.

சீட்டு அப்போது 62.5 செ.மீ.யில் இருந்தது. கீழே கால் எட்டாமல் இடுப்பு சரிந்தது. 60.5க்கு இறக்கினேன், ஆட்டம் நின்றது. சரி, முடிந்தது என்று அனுப்பிவைத்தேன். ஆறாம் நாள் முட்டிக்கு முன்புறம் வலி என்று போன் வந்தது. இறக்கியதால் பெடல் உச்சிக்கு வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கிவிட்டது. ஏற்றினால் கீழே எட்டாது, இறக்கினால் மேலே இடம் போதாது. 175 மி.மீ. கிராங்கை வைத்துக்கொண்டு அவருக்குச் சரியான உயரம் என்று ஒன்று இல்லவே இல்லை. கணக்கு கண்முன்னே கிடந்தும் நான் சீட்டை இறக்கி அனுப்பியது அவசரம்.

கிராங்கைக் குறைப்பது

மூன்று வழிகள் இருந்தன. இருக்கும் கிராங்கிலேயே உள்ளே தள்ளிப் புது ஓட்டை போட்டு மரை வெட்டுவது. கிராங்கோடு சேர்த்து முடுக்கும், பல ஓட்டை உள்ள குறைப்புத் தகடு. அல்லது பின்பக்கத்துக்கு மட்டும் குட்டையான டேண்டம் கிராங்க் செட்.

ஓட்டை போடுவதை வேண்டாம் என்றேன். பெடல் மரை 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ. விட்டம். 20 மி.மீ. உள்ளே தள்ளி இன்னொரு ஓட்டை போட்டால் இரண்டுக்கும் நடுவில் 6 மி.மீ.க்கும் குறைவான அலுமினியம்தான் மிஞ்சும். சிலர் செய்கிறார்கள்தான். ஏற்றத்தில் இருவரும் எழுந்து நின்று மிதிக்கிற வண்டியில் எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தகட்டை மாட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய 151 மி.மீ. வந்தது. தகட்டின் தடிமனால் பெடல்கள் இரு பக்கமும் வெளியே தள்ளிப்போய், கால் அகன்று மிதிக்க வேண்டியிருந்தது. அது நிரந்தரத் தீர்வாகாது. ஆனால் சோதனைக்கு அது போதும். முதல் கிலோமீட்டரிலேயே மனைவி சொன்னது: "இப்பத்தான் கால் என்னோடதா இருக்கு."

155 மி.மீ. டேண்டம் கிராங்க் செட்டுக்குச் சொல்லிவைத்தோம். சாதாரண சைக்கிளின் கிராங்க் இதற்கு ஆகாது, ஏனென்றால் டேண்டத்தில் பின் இடப்பக்க கிராங்கிலும் பல்சக்கரம் மாட்ட இடம் வேண்டும், கூடவே பெடலுக்கு இடது மரையும் இருக்க வேண்டும். ஏழு வாரம் காத்திருந்தோம்.

குட்டைக் கிராங்குக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட்டேன். நெம்பும் தூரம் குறைவதால், அதே சுற்றில் அதே சக்தி தர 13 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். எனவே கனமான கியரில் 66 சுற்று என்ற பழக்கத்தைக் கணவர் விட்டே ஆக வேண்டும். சுற்று எண்ணிக்கை காட்டும் சிறு மீட்டர் ஒன்றை இருவருக்கும் ஆளுக்கொன்று மாட்டினோம். 78 என்று ஒத்துக்கொண்டார்கள்.

காத்திருந்த ஏழு வாரத்தில்

கியர்: முன்னால் 52, 42, 30 பற்கள், பின்னால் 12 முதல் 26 வரை. மிக இலேசான கியரில்கூட 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது 54 சுற்றுதான் கிடைத்தது. பின்பக்கத்தை 11-34 ஆக மாற்றி, அதற்கேற்ற நீளமான டெரெய்லரும் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்துவது) போட்டதும் அதே வேகத்தில் 70 சுற்று வந்தது. சமதளத்தில் டேண்டம் பறக்கும், ஏனென்றால் இரண்டு பேர் பலத்துக்கு ஏறக்குறைய ஒருவர் அளவே காற்றுத் தடை. ஏற்றத்தில் அந்தச் சலுகை போய்விடும், ஆகவே தனி சைக்கிளைவிட இலேசான கியர் அவசியம்.

டயர்: 28 மி.மீ. டயரில் 115 பி.எஸ்.ஐ. காற்று அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 38 போட ஆசை, ஆனால் மட்கார்டோடு உரசியது. 35 மி.மீ., 75 பி.எஸ்.ஐ. என்று நின்றோம். பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக் தளர்ந்திருந்தன, இறுக்கிக் கோட்டம் எடுத்தேன். இருவரும் சாமானும் சைக்கிளும் சேர்த்து 160 கிலோ வருவதால், இறக்கத்துக்காகப் பின் பிரேக் டிஸ்கை 160 மி.மீ.யிலிருந்து 203க்கு மாற்றினோம். ஃபிரேமின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

பின் ஹேண்டில்பார்: இதை முன்பே கவனித்திருக்க வேண்டும். பின் ஹேண்டில்பார் முன்னவரின் சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயைத்தான் கவ்விக்கொண்டு நிற்கிறது. அது குறுகலாக இருந்ததால், கணவர் மிதிக்கும்போதெல்லாம் அவர் தொடை மனைவியின் விரல் முட்டியில் இடித்தது. ஏழு மாதம் விரலை மடக்கி ஓட்டியிருக்கிறார். அகலமான, பின்னோக்கி வளைந்த பார் ஒன்றும், அந்தப் பாரைத் தாங்கும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டெமும் போட்டு 3 செ.மீ. மேலே ஏற்றினோம். கணவர் தன் சீட்டுக்குக் கீழே தொங்கவிட்டிருந்த பையைக் கழற்றச் சொன்னேன். மனைவியின் முகத்துக்கு நேரே தொங்கியதே தவிர அந்தப் பையால் வேறு பயனில்லை. பிற்பாடு அதை மனைவியின் ஹேண்டிலில் மாட்டினார்கள். தண்ணீர், தின்பண்டம், போன் எல்லாவற்றுக்கும் பொறுப்பு பின்சீட்டுக்குப் போனது.

கிராங்க் வந்த நாளும் ஒரு பல்லும்

புது கிராங்கை மாட்டி, டைமிங் செயினைப் பூட்டினேன். முன்பக்க பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் பாகம்) மையம் விலகிய உருளைக்குள் இருக்கும். அதைத் திருப்பித்தான் செயினை இழுக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவு தளர்வு இருப்பது நல்லது. கம்பி மாதிரி இறுகினால் மிதிப்பதே முரடாகிவிடும், தொளதொளத்தால் செயின் கழன்று விழும். உருளையைத் திருப்பியதில் முன் கிராங்க் அச்சும் சில மி.மீ. நகர்ந்திருந்தது, கணவரின் சீட்டையும் மறுபடி அளந்து வைத்தேன்.

ஓட்டிப் பார்க்கப் போனவர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள். "என்னங்க, உங்க கால் எனக்கு முன்னாடி போகுது" என்று மனைவி சொன்னாராம். கணவருக்கு எதுவும் தெரியவில்லை, எனக்கும் பார்வைக்குத் தெரியவில்லை. இரண்டு கிராங்கையும் கிடையாக வைத்து ஃபிரேமோடு ஒரு கோலைப் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: செயினைப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறேன். 40 பல் சக்கரத்தில் ஒரு பல் என்பது 9 டிகிரி. 9 டிகிரியை ஐந்து நிமிடத்தில் பிடித்த ஒருவர், ஏழு மாதம் 175 மி.மீ. கிராங்கைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

வேண்டுமென்றே 90 டிகிரி தள்ளிப் போடுவதும் ஒரு முறைதான். ஒருவர் கால் வலுவிழக்கும் இடத்தில் மற்றவர் அழுத்துவதால் ஓட்டம் சீராக இருக்கும். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு மாற்றச் சொன்னார்கள். சேர்ந்தாற்போல் எழுந்து நின்று மிதிக்க வரவில்லை. அந்த இருவருக்கு எழுந்து நிற்பதுதான் வலிக்கு மருந்து என்பதால் நானும் வாதிடவில்லை.

155 மி.மீ. கிராங்கோடு மனைவியின் சீட்டு 60.5இலிருந்து மறுபடி 62.5க்கு ஏறியது. ஆரம்பத்தில் இருந்த அதே உயரம். இந்தத் தடவை இடுப்பு அசையவில்லை.

அந்த 2 செ.மீ. இன்னொரு கதவையும் திறந்தது. அதிர்வு தாங்கும் சீட் போஸ்ட் போட முதலிலிருந்தே ஆசை. ஃபிரேம் குழாயின் வாயிலிருந்து சீட்டுக் கம்பி வரை 9.5 செ.மீ. இடம் கேட்டது அது. சீட்டை இறக்கியிருந்தபோது இருந்தது 8, இப்போது 10. மாட்டினோம். முதல் நாள் அது அசையவே இல்லை, சாதாரண போஸ்ட் மாதிரி விறைத்து நின்றது. உள்ளே வந்திருந்த ரப்பர் கட்டை அதிக எடைக்காரருக்கானது. 54 கிலோவுக்கு ஏற்ற மென்மையான கட்டையைப் போட்டதும் உட்கார்ந்தவுடன் 1 செ.மீ. அமிழ்ந்தது, அதனால் ஆள் ஏறாதபோது உயரத்தை 63.5 என்று வைத்தேன்.

பின் நடந்தது

ஐந்தாம் மாதத்தில் 92 கி.மீ. ஒரே நாளில் போய் வந்தார்கள். முட்டி வலி திரும்ப வரவில்லை. சீட்டு அந்த முதல் கெட்டி சீட்டேதான். சராசரி சுற்று 77. பழைய 66 சுற்றில் மிதித்தபோது தன் தொடைதான் முதலில் களைக்கும், இப்போது அப்படியில்லை என்று கணவரே சொன்னார். அதை எதிர்பார்த்து எதுவும் செய்யவில்லை, தானாக வந்தது.

தீராதது கழுத்து. பின்சீட்டில் இடம் குறைவான பழைய ஃபிரேம் என்பதால் முதுகுக்கு மிக அருகில் முகம் இருக்கிறது. மனைவி எப்போதும் வலப்பக்கமே எட்டிப் பார்க்கிறார், ஒன்றரை மணி நேரத்தில் கழுத்து பிடிக்கிறது. ஃபிரேமை நீட்ட முடியாது. இடப்பக்கமும் பார்க்கப் பழகச் சொல்லியிருக்கிறேன், பாதி பலன்தான்.

புதிதாக முளைத்த தொல்லை ஒன்று: சீட்டு முன்பைவிட ஒரு செ.மீ. உயரமாக நிற்பதால் ஏறுவது சிரமமாகிவிட்டது. இப்போது கணவர் இரண்டு பிரேக்கையும் பிடித்து, காலை அகட்டி ஊன்றி நிற்கிறார். மனைவி ஏறி உட்கார்ந்து, இரு காலையும் பெடலில் வைத்து, கணவருக்கு வேண்டிய இடத்துக்குச் சுற்றிக் கொடுக்கிறார். சுற்றுவதற்கு முன் சொல்லாவிட்டால் முன்பெடல் கணவரின் முழங்காலின் கீழ் எலும்பில் இடிக்கும். இரண்டு தடவை இடித்திருக்கிறது.

அடுத்த முறை என்ன மாற்றுவேன்

கால் நீள அளவை முதல் நாளே எடுப்பேன். இரண்டு கணக்கும் ஒருவருக்கு ஒத்துப்போய் மற்றவருக்குப் போகவில்லை என்றால், சீட்டைத் தொடும் முன் கிராங்கைப் பார்ப்பேன். அது ஆறு நாள் முட்டி வலியை மிச்சப்படுத்தியிருக்கும்.

குறைப்புத் தகட்டைச் சோதனைக்காக எப்போதும் கையில் வைத்திருப்பேன்.

இருவரையும் தனித்தனியாகக் கேட்பேன். பின்சீட்டுக்காரரை முதலில், முன்னவர் பக்கத்தில் இல்லாதபோது. அந்த முதல் நாள் விரல் இடிப்பதைப் பற்றி மனைவி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆறாம் வாரம், கணவர் தேநீர் போட உள்ளே போயிருந்த நேரத்தில்தான், கையை நீட்டி விரல் முட்டிகளில் காய்த்துப்போயிருந்ததைக் காட்டினார்.